பழைய ஆப்டிபிளக்ஸுக்குப் புதிய திரை: கேபிள், மானிட்டர், அதற்கப்புறம்தான் கார்டு

அப்பாவின் கணக்கு வேலைக்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் டெல் ஆப்டிபிளக்ஸ் 7010 எங்கள் வீட்டில் இன்னும் நன்றாக ஓடுகிறது. 2012ல் வந்த மாடல், மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் பிராசஸர். எஸ்எஸ்டி போட்ட பிறகு வேகத்திலும் குறையில்லை. குறையெல்லாம் திரையில்தான். பழைய 17 இன்ச் மானிட்டரில் ண எது, ன எது என்று அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு தெரியும்.

இந்த நிலையில் பலர் நேராகக் கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் தனி அட்டை) வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கேபிள், பிறகு மானிட்டர். கார்டு கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

படி 1: கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

7010ல் நீல நிறத்தில் 15 துளைகள் கொண்ட விஜிஏ போர்ட் ஒன்று இருக்கும். அதோடு, ஒரு மூலை மட்டும் வெட்டியதுபோல இருக்கும் டிஸ்ப்ளே போர்ட் இரண்டு. எச்.டி.எம்.ஐ கிடையாது.

விஜிஏ 1987ல் ஐபிஎம் கொண்டுவந்தது. பிக்சர் டியூப் மானிட்டர்களுக்காகச் செய்த அனலாக் இணைப்பு. கணினி எண்களாக வைத்திருக்கும் படத்தை மின் அலையாக மாற்றி அனுப்புகிறது, எல்சிடி மானிட்டர் அதைத் திரும்ப எண்களாக மாற்றுகிறது. இந்தப் போக்குவரத்தில்தான் எழுத்தின் ஓரம் மங்குகிறது. டிஸ்ப்ளே போர்ட்டில் இந்த மாற்றமே இல்லை. இந்தக் கணினியின் டிஸ்ப்ளே போர்ட் 2560×1600 வரை, நொடிக்கு 60 முறை படம் காட்டும். ஆகவே சாதாரண ஃபுல் எச்டி மானிட்டருக்குக் கார்டு வேண்டியதே இல்லை.

படி 2: மானிட்டரும் கேபிளும்

22 முதல் 24 இன்ச், 1920×1080 (அதுதான் ஃபுல் எச்டி), ஐபிஎஸ் பேனல் (திரையின் வகை) என்று கேட்டு வாங்குங்கள். பழைய டிஎன் பேனலில் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே நிறம் மாறும். ஐபிஎஸ்ஸில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. எங்கள் பழைய மானிட்டர் 1280×1024, அதாவது சுமார் 13 லட்சம் பிக்சல். புதியதில் 20 லட்சத்துக்கும் மேல்.

மானிட்டரில் எச்.டி.எம்.ஐ மட்டும்தான் இருக்கிறதா? டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐக்குப் போகும் கேபிள் வாங்கினால் போதும். இந்தக் கேபிள் ஒருவழிப் பாதை: கணினிப் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் எச்.டி.எம்.ஐ. தலைகீழாக மாட்டினால் படம் வராது. கடையில் இதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

படி 3: கார்டு யாருக்குத் தேவை?

4கே (3840×2160) மானிட்டர் வாங்கியவர்களுக்குத் தேவை. இந்தக் கணினியின் சொந்த கிராஃபிக்ஸுக்கு அந்த அளவு எட்டாது. யூடியூப் அதிகம் பார்ப்பவர்களுக்கும் உதவும். யூடியூப் அனுப்பும் விபி9 வகை வீடியோவை விரிக்கும் தனிச்சுற்று இந்தத் தலைமுறை இன்டெல்லில் இல்லை. எல்லாச் சுமையும் பிராசஸர் மேல் விழும், ஃபேன் இரையும்.

நான் போட்டது என்விடியா நிறுவனத்தின் ஜிடி 1030 கார்டு, ஃபேனோடு ஒரே ஸ்லாட் (கார்டைச் செருகும் இடம்) அகலத்தில் வரும் வகை. 30 வாட்தான் எடுக்கும், தனி பவர் ஒயர் வேண்டாம். 7010ன் ஒல்லியான எஸ்எஃப்எஃப் (ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்) பெட்டியில் இருப்பது 240 வாட் பவர் சப்ளை, கார்டுக்கென்று தனி ஒயரும் அதில் இல்லை. அதனால் இதைவிடப் பெரிய கார்டுக்கு ஆசைப்பட வேண்டாம்.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் நினைவக வகை ஜிடிடிஆர்5 என்று இருக்க வேண்டும். 2018ல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. அதன் நினைவக வேகம் முதலாவதில் பாதிகூட இல்லை. அடுத்தது, குட்டை பிராக்கெட், அதாவது கார்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் பிடித்து நிறுத்தும் தகடு. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அந்தத் தகடு பல நேரம் கூட வராது. அது இல்லாமல் எஸ்எஃப்எஃப் பெட்டியில் கார்டு நிற்காது.

படி 4: பொருத்துவது

கணினியை ஷட்டவுன் செய்து, பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மூடியைத் திறந்ததும் பெயின்ட் படாத இரும்புப் பகுதியைத் தொடுங்கள், உடம்பின் நிலைமின்சாரம் அதில் இறங்கட்டும்.

தூசியைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். திறந்த கையோடு மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய கணினி ஒவ்வொரு முறையும் தேதியை மறந்தால் அதற்கு இந்த பேட்டரிதான் காரணமாக இருக்கும்.

கார்டில் நீளத் தகடு மாட்டியிருந்தால் திருகுகளைக் கழற்றிக் குட்டைத் தகட்டை மாட்டுங்கள். நீண்ட ஸ்லாட் இரண்டில் நீல நிறத்தில் இருப்பதுதான் முழு வேக ஸ்லாட். பின்பக்கத் தாழ்ப்பாளைத் தூக்கி, அதற்கு நேரான தகட்டை எடுத்துவிட்டு, கார்டின் தங்கநிற ஓரத்தை நேராக வைத்து இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். ஸ்லாட்டின் கொக்கி கார்டைப் பிடித்துக்கொள்ளும். சாய்த்து அழுத்தாதீர்கள்.

படி 5: இயக்கிப் பார்ப்பது

மானிட்டர் கேபிளைக் கார்டில் உள்ள போர்ட்டில் மாட்டுங்கள். பழக்கதோஷத்தில் மதர்போர்டு போர்ட்டில் மாட்டிவிட்டு, கார்டு கெட்டுப்போய்விட்டது என்று பயப்படுபவர்கள் நிறையப் பேர். படம் வந்ததும் என்விடியா தளத்திலிருந்து டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) இறக்கி நிறுவுங்கள்.

அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டரின் முழு ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், மங்கிவிடும். அதே இடத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலை 125 சதவீதமாக்குங்கள். எச்.டி.எம்.ஐயில் கறுப்பு நிறம் சாம்பல்போலத் தெரிகிறதா? சில மானிட்டர்களைக் கார்டு டிவி என்று நினைத்துக்கொள்ளும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ஃபுல் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

பழைய மானிட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். கணினி தொடங்கும்போது எஃப்2 அழுத்தி, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) வீடியோ பகுதியில் மல்டி டிஸ்ப்ளேயை இயக்குங்கள். மதர்போர்டின் விஜிஏ போர்ட்டில் பழையது, கார்டில் புதியது என இரண்டும் ஒன்றாக ஓடும். எங்கள் வீட்டில் பழையதில் கால்குலேட்டரும் காலண்டரும் திறந்தே இருக்கின்றன. கணக்கு எழுதுவது புதியதில். இப்போது அப்பா கண்ணாடியைத் துடைக்காமலே புள்ளியைப் படிக்கிறார்.