முதல் நோடு, முதல் டெஸ்ட் பரிவர்த்தனை: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

எத்திரியம் நோடு (அந்த பிளாக்செயின் வலையமைப்பில் சேரும் நம் கணினி) போடும் ஆசையில் கெத் என்ற மென்பொருளை நிறுவி ஓடவிட்டு, விடிய விடிய லாகையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு பிளாக்கூட (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) நகரவில்லை. நான் வைத்திருந்தது பழைய வழிகாட்டி. 2022 செப்டம்பர் 15-இல் எத்திரியம் மைனிங்கை விட்ட பிறகு, ஒரு மென்பொருள் மட்டும் போதாது. பரிவர்த்தனைகளைச் செயல்படுத்த கெத், நெதர்மைண்ட் போன்ற எக்ஸிக்யூஷன் கிளையன்ட் ஒன்று. அடுத்த பிளாக் எது என்று அதற்குச் சொல்ல லைட்ஹவுஸ், பிரிசம் போன்ற கன்சென்சஸ் கிளையன்ட் ஒன்று. இரண்டும் பொதுவாக 8551 போர்ட்டில் பேசிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே ரகசியக் கோப்பைக் கொடுக்க வேண்டும். நோடு அசையாமல் நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பழைய வழிகாட்டிகளில் வரும் ராப்ஸ்டன், ரிங்கிபி, கோர்லி என்ற டெஸ்ட் நெட்வொர்க்குகள் எல்லாம் மூடப்பட்டவை. இப்போது பழகுவதற்கு செபோலியா. அதன் செயின் ஐடி 11155111. இரண்டு கிளையன்ட்களுக்கும் செபோலியா என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் அவை நிஜப் பணம் ஓடும் மெயின்நெட்டை இறக்கத் தொடங்கிவிடும், டிஸ்க் நிரம்பும்போதுதான் உறைக்கும். டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி. பழைய ஹார்டு டிஸ்க்கில் நோடு சங்கிலியின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

அடுத்தது அவசரம். டெஸ்ட் ஈத்தரை (பழகுவதற்கான எத்திரியம் நாணயம்) இலவசமாகத் தரும் ஃபாசெட் தளத்தில் வாங்கியாயிற்று, நம் நோடைக் கேட்டால் இருப்பு 0 என்கிறது. ஃபாசெட் ஏமாற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம், நோடு இன்னும் சின்க் ஆகவில்லை, அதாவது சங்கிலியின் கடைசி பிளாக் வரை வந்து சேரவில்லை. 'சின்க் ஆகிறாயா' என்று கேட்டு, 'இல்லை' என்று பதில் வந்தால் முடிந்துவிட்டது என்று நம்புவதும் தவறு. சின்க் தொடங்குவதற்கு முன்பும் அதே பதில்தான் வரும். கடைசி பிளாக் எண்ணை செபோலியா எக்ஸ்புளோரரில் (பிளாக்குகளைக் காட்டும் இணையதளம்) உள்ள எண்ணோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி. கன்சென்சஸ் கிளையன்ட்டை ஆதியிலிருந்து ஓட்டாமல் செக்பாயின்ட் சின்க் (அண்மைய நிலையிலிருந்து தொடங்குவது) கொடுத்தால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

பணம் அனுப்பும்போது பலரை மாட்டிவிடுவது நான்ஸ். ஒரு கணக்கின் முதல் பரிவர்த்தனைக்கு 0, அடுத்ததற்கு 1 என்று வரிசை எண் ஏறும். ரேஷன் கடை டோக்கன் மாதிரிதான்: 5 நகராமல் 6-க்கு முறை வராது. கட்டணம் குறைவாக வைத்து ஒன்று தேங்கிவிட்டால், அடுத்தடுத்து நான்கு அனுப்புவதில் பயனில்லை, நான்கும் பின்னால் நிற்கும். தேங்கியதன் அதே நான்ஸில், கட்டணத்தைக் கூட்டி மீண்டும் அனுப்புங்கள். கெத் குறைந்தது 10 சதவீத உயர்வு கேட்கும். முன்னுரிமைக் கட்டணம், உச்சக் கட்டணம் இரண்டையும் கூட்ட வேண்டும். ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு ஏன் மறுக்கிறது என்று தலையைச் சொறிந்த அனுபவம் எனக்கு உண்டு.

இருப்பு முழுவதையும் அனுப்பப் பார்ப்பது இன்னொன்று. சாதாரணப் பணப் பரிமாற்றத்துக்கு 21,000 கேஸ் (நெட்வொர்க் செய்யும் வேலையின் அளவு) ஆகும். கேஸ் விலை 2 ஜிவெய் (ஒரு ஜிவெய், ஈத்தரில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்றால் 0.000042 ஈத்தர். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மீதியை அனுப்ப முடியும்.

இதுவரை சொன்னவற்றில் நேரம்தான் போகும். பணம் போவது சாவி விஷயத்தில். டெஸ்ட் ஈத்தருக்கு மதிப்பில்லை என்பதால் அந்தக் கணக்கின் பிரைவேட் கீயையும் (பணத்தை அனுப்பும் ரகசியச் சாவி) அலட்சியமாகக் கோடில் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடுகிறோம். ஆனால் செபோலியாவில் உள்ள அதே சாவியும் முகவரியும் மெயின்நெட்டிலும் செல்லும். கசிந்த சாவிகளுக்காகவே பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) காத்திருக்கின்றன. நிரல் சோதனைக் கருவிகளான ஹார்டுஹேட், அன்வில் தரும் கணக்குகள் இன்னும் மோசம். அவற்றின் சாவிகள் உருவாகும் சொற்றொடர்: 'டெஸ்ட்' என்று 11 முறை, கடைசியில் 'ஜங்க்'. இந்தச் சொற்றொடர் ஊருக்கே தெரியும். அந்த முகவரிக்குத் தவறி நிஜ ஈத்தர் அனுப்பினால் மறந்துவிட வேண்டியதுதான். பழகுவதற்கென்று தனி வாலட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள், அதில் நிஜப் பணம் ஒரு பைசாகூட வேண்டாம்.

நோடு நம் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் 8545 போர்ட்டும் இதே வகைதான். வெளியிலிருந்து நோடை அணுக வசதியாக இருக்கட்டும் என்று அதை இணையத்துக்குத் திறந்து வைத்து, கணக்கையும் அன்லாக் செய்து வைத்தவர்கள் உண்மையான ஈத்தரை இழந்திருக்கிறார்கள். கெத் தானாக உள்கணினிக்கு மட்டுமே பதில் சொல்லும், அதை அப்படியே விடுங்கள். தூரத்திலிருந்து வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் டனல் (குறியாக்கம் செய்த தனி இணைப்பு) போட்டால் போதும்.