பழைய கையேட்டை நம்பி மலையேறும் முன்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கான வழிகாட்டி நூலின் முதல் பக்கத்தில் அச்சான ஆண்டை வைத்து அதன் வயதைக் கணக்கிட வேண்டாம். மறுபதிப்பில் அட்டையும் ஆண்டும் மாறும். உள்ளே பழைய செய்தியே கிடக்கும். வயது தெரிய உள்ளே தேடுங்கள். திருநெல்வேலிக்கு 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்ற பழைய பெயர் இருந்தால் அந்தப் பக்கம் 1997க்கு முன் எழுதியது. செங்கோட்டை, புனலூர் இடையே மீட்டர் கேஜ் ரயில் ஓடினால் 2010க்கு முன். குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தால், தென்காசி தனி மாவட்டமான 2019 நவம்பருக்கு முன். ஒரே நூலில் இந்த மூன்று காலத்துப் பக்கங்களும் இருக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மலை, ஆறு, கோயில் இருக்குமிடம், குற்றாலச் சீசன் ஜூனில் தொடங்குவது, இவை பழைய நூலிலும் சரியாகவே இருக்கும். மனிதர் நடத்துவது எதுவும் அப்படியில்லை: பஸ், படகு, விடுதி, அனுமதி. காரையாறு அணையில் படகேறி பாணதீர்த்தம் அருவிக்குப் போகலாம் என்று எழுதியிருக்கும்; அந்தப் படகு நின்று நெடுங்காலம். தரைப்பாலங்களையும் இந்தக் கணக்கில் சேருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் பாலமும் சாலையும் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போயின.

மணிமுத்தாறுக்கு மேலே மலையில் இருக்கும் மாஞ்சோலைதான் ஆளை அதிகம் ஏமாற்றும். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட தோட்டம் அது. தேயிலை வேலை 2024இல் நின்றது. அங்குள்ள நாலுமுக்கு, ஊத்து என்ற எஸ்டேட் ஊர்களில் டீ, சாப்பாடு, தொழிலாளர் லயன் வீடுகளில் ஆள் துணை என்று பழைய நூல் சொல்வதெல்லாம் தொழிலாளர் குடும்பங்கள் இருந்த காலத்துக் கணக்கு. மேலே கடை இல்லை என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்: ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு வேளைச் சாப்பாடு, வழக்கமான மருந்து. புலிகள் காப்பகம் என்பதால் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, எவர்சில்வர் எடுங்கள். பெட்ரோலை அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ போட்டுவிட வேண்டும். முழுக்க மேடு என்பதால் வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். கையில் அனுமதி இருந்தாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வலுத்தால் மணிமுத்தாறு செக்போஸ்ட்டிலேயே திருப்பிவிடுவார்கள்.

விசாரிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "அண்ணாச்சி, ஊத்துக்கு பஸ் உண்டா?" என்று கேட்டால் மரியாதைக்கு "உண்டு" என்றே பதில் வரும். "இன்னைக்குக் காலைல பஸ் போச்சா? எத்தனை மணிக்குத் திரும்பும்?" என்று கேளுங்கள். பஸ் நிலையத்தில் டைம் கீப்பரிடம் ஒரு தடவை, வெளியே டீக்கடையில் ஒரு தடவை. இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் அந்த பஸ் இல்லை என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காமல் நடந்தால் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். "இந்தா, பக்கத்துலதான்" என்பதை நம்பிப் போனவர்கள் இருட்டில்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அனுமதியும் வழிகாட்டியும் கிடைத்து நடப்பதானால், நூலில் போட்ட படத்தைவிட இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் உதவும். அதில் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் உயரக் கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர். சமதளத்தில் மணிக்கு நாலு கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கூடுதலாக அரை மணி என்று போடுங்கள். உயரக் கோடுகள் மாறாது. அதே தாளில் புள்ளியிட்ட ஒற்றையடிப் பாதை மாறியிருக்கும். ஆள் நடக்காத தடத்தைச் சில ஆண்டுகளிலேயே உன்னிச்செடி மூடிவிடும். பாதை மறைந்தால் வெட்டி முன்னேற வேண்டாம், கடைசியாகத் தெளிவாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். மலை மேற்கே நிற்பதால் இந்தப் பக்கச் சரிவில் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். எங்கே நின்றாலும் பகல் ஒரு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள்.