டயட்டத்துக்குப் பெயர் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போரூர் ஏரிக்கரைக் கல்லைச் சுரண்டி, அந்த வழவழப்பை அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவி, ஸ்லைடாக்கி, நூறு மடங்கு ஆயில் லென்ஸில் வைத்தால், எந்தப் புத்தகப் படத்தோடும் ஒத்துப்போகாத டயட்டம் (ஒற்றைச் செல் பாசி) ஒன்றாவது கண்ணில் படலாம். உடனே புதுச் சிற்றினம் என்று முடிவுகட்டுவதுதான் ஆகப் பெரிய தவறு.

டயட்டத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது. சோப்பு டப்பா போல ஒரு பாதி பெரிது, இன்னொரு பாதி அதற்குள் அடங்கும். செல் பிரியும்போது ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு, உள்ளே அடங்கும் சின்னப் பாதியைப் புதிதாகச் செய்துகொள்கின்றன. அதனால் தலைமுறைக்குத் தலைமுறை சராசரி அளவு குறைகிறது. பாலினப் பெருக்கத்தில் உண்டாகும் ஆக்ஸோஸ்போர் என்ற பெரிய செல்தான் பழைய அளவை மீட்டுத் தருகிறது. இதில் நீளம் குறையும் வேகத்தில் அகலம் குறையாது. நீண்டு ஒடுங்கியிருந்தது முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பவர் இரண்டு பெயர் வைத்துவிடுவார். ஒரு ஓட்டை வைத்து எழுதாதீர்கள். பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அளந்து, படத்திலும் அப்படியே காட்டுங்கள். ஓட்டின் மேல் 10 மைக்ரானுக்கு எத்தனை கோடு என்ற கணக்கு, நீளத்தைவிட நம்பகமானது.

கூவத்திலோ அடையாற்றிலோ எடுத்த மாதிரி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கன உலோகங்கள் கலந்த நீரில் ஓடுகள் கோணலாக வளரும். அது ஊனம், புது இனமல்ல. முகத்துவாரம் பக்கம் எடுத்தால் கடல் டயட்டமும் அலையோடு உள்ளே வந்திருக்கும். செல் செத்தாலும் ஓடு அழுகாது. எனவே அமிலம் ஊற்றும் முன், உயிரோடு இருக்கும் செல்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, நிஜமாகவே புதுசு என்றே வைத்துக்கொள்வோம். ஐரோப்பியப் படத்தொகுப்புகளை மட்டும் புரட்டுவது போதாது. தென்னிந்திய டயட்டங்கள் பற்றி வெங்கட்ராமன் 1939-லேயே எழுதியிருக்கிறார், எச். பி. காந்தி மேற்கு இந்தியாவிலிருந்து நிறைய விவரித்திருக்கிறார்.

அப்புறம் ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக நீங்கள் காட்டும் ஒரே மாதிரி. ஒரு ஸ்லைடில் பல சிற்றினங்கள் கலந்து கிடக்கும். உங்கள் ஓடு எது என்று வைர முனையால் வட்டமிட்டோ, ஆயத்தொலைவு குறித்தோ காட்டாவிட்டால் பின்னால் வருபவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். பன்னாட்டுப் பெயரிடல் விதிகளின்படி 1990 முதல், ஹோலோடைப் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்றும் எழுதியாக வேண்டும். துறை அலமாரி என்று எழுதினால் யாரும் தேடிப் போக முடியாது. (மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற தாவர மாதிரிக் காப்பகத்தின் பெயரைப் பார்த்துச் சென்னை முகவரி போட்டுவிடாதீர்கள், அது கோயம்புத்தூரில் இருக்கிறது.) விளக்கவுரை லத்தீனில் அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழில் மட்டும் எழுதினால் செல்லாது. பிஎச்.டி. ஆய்வேட்டில் மட்டும் இருக்கும் பெயரும் பொதுவாக வெளியான பெயராகாது.

பெயர் மாற்றத்தில் இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். பேரினம் மாறினால் சிற்றினச் சொல் கூடவே போகும், முதலில் வைத்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். கூட்சிங் 1833-இல் வைத்த 'அக்னாந்தஸ் மினுட்டிசிமா'வைச் சார்நெக்கி 1994-இல் 'அக்னாந்திடியம் மினுட்டிசிமம்' ஆக்கினார். பேரினத்தின் பால் மாறியதால் ஈறும் மாறியது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூலப் பெயர் எந்த நூலில், எந்தப் பக்கத்தில், எந்த ஆண்டில் வந்தது என்று கொடுப்பது 1953 முதல் கட்டாயம். அதை விட்டால் மாற்றமே செல்லாது.

இரண்டாவது வேலை, சிற்றினச் சொல்லையே மாற்றுவது. அதே பெயரை வேறொருவர் முன்பே வேறு டயட்டத்துக்கு வைத்திருந்தால்தான் புதுச்சொல் தேவை. அப்போதும் பழைய ஹோலோடைப்தான் தொடரும். பெயர் பிடிக்கவில்லை, பொருத்தமில்லை என்பதெல்லாம் காரணமாகாது. மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆனது. மேலாநெல்லிச் செடி இன்னமும் 'ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ்' தான்.