கலெக்டர்ஸ் எடிஷன் வாங்குவதற்கு முன் ஒரு கழித்தல் கணக்கு

வீடியோ கேமோடு சிலை, மற்ற பொருட்கள் எல்லாம் சேர்த்துப் பெரிய பெட்டியாக விற்கும் கலெக்டர்ஸ் எடிஷனுக்குப் போட்டிருக்கும் மொத்த விலையை வைத்து வாங்கலாமா வேண்டாமா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலில் அதிலிருந்து கேமின் விலையைக் கழியுங்கள். 2023இல் வந்த ஸ்பைடர்மேன் 2 பெட்டி 230 டாலர், வெறும் கேம் 70 டாலர். மீதி 160 டாலருக்கு என்ன வருகிறது என்று பார்த்தால் 19 அங்குலச் சிலை, ஒரு ஸ்டீல்புக் (டிஸ்க் வைக்கும் உலோக உறை), கேமுக்குள் போட்டுக்கொள்ளச் சில உடைகள். அந்தச் சிலையை மட்டும் அதே விலைக்குக் கடையில் வைத்திருந்தால் வாங்குவீர்களா? ஆமாம் என்றால் தாராளமாக வாங்குங்கள், யாரும் கேட்கப் போவதில்லை (வீட்டில் கேட்பார்கள், அது வேறு). கொஞ்சம் தயங்கினாலும் வெறும் கேமே போதும்.

அடுத்து, உள்ளே டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். அதே ஸ்பைடர்மேன் பெட்டியிலும், 2022இல் 200 டாலருக்கு வந்த காட் ஆஃப் வார் ராக்னராக் பெட்டியிலும் ஸ்டீல்புக் இருந்தது, அதில் வைக்க டிஸ்க் இல்லை, கேமை இறக்கிக்கொள்ளும் டவுன்லோடு கோடு (code)தான். டிஸ்க் என்றால் விளையாடி முடித்துவிட்டு காந்திபுரம் பக்கம் யாரிடமாவது செகண்ட்ஸில் தள்ளிக் கொஞ்சம் காசு தேற்றலாம். கோடு ஒரு தடவை போட்டால் போட்டதுதான். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவருகிறார் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு, அந்தக் கோடு அமெரிக்க பிளேஸ்டேஷன் கணக்கில்தான் ஏறும், நம்ம இந்தியக் கணக்கில் ஏறாது.

கொரியரில் வரவழைப்பதாக இருந்தால் கஸ்டம்ஸ் வரி தனி. அதோடு பெட்டியின் அளவையும் கேட்டு வாங்குங்கள். திருப்பூரில் சாம்பிள் அனுப்பிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்க வேண்டும், வருவது கிலோ. 50, 40, 30 அளவுப் பெட்டி என்றால் உள்ளே நாலு கிலோதான் இருந்தாலும் 12 கிலோவுக்குக் காசு வாங்குவார்கள்.

அப்புறம், விளம்பரத்தில் எந்தப் பொருளால் செய்தது என்று போட்டிருக்கிறார்கள் என்பதை வார்த்தை விடாமல் படியுங்கள். 2018இல் ஃபால்அவுட் 76 பெட்டியை 200 டாலருக்கு விற்ற பெதஸ்டா என்ற கேம் கம்பெனி, கேன்வாஸ் பை தருவதாகச் சொல்லிவிட்டு நைலான் பையை அனுப்பியது. சென்னிமலைப் பக்கம் ஒரு சின்னப் பையனிடம் கொடுத்தால்கூடத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவான் இது காட்டன் இல்லை என்று! முதலில் ஈடாகக் கொடுத்தது கேமுக்குள் செலவழிக்கும் ‘ஆட்டம்’ (Atom) என்ற காசு 500, அதாவது சுமார் 5 டாலர். ஊரே திட்டிய பிறகுதான் கேன்வாஸ் பை தர ஒப்புக்கொண்டார்கள், அது கைக்கு வந்தது அடுத்த வருஷம். இதில் இன்னொரு கூத்து, அந்த கேமின் விலையே வெளியான அதே மாதத்தில் தள்ளுபடியில் சரிந்துவிட்டது. அதனால் கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைப் பார்த்து ப்ரீ-ஆர்டர் போடுவதைவிட, வாங்கியவர்கள் பெட்டியைப் பிரிக்கும் வீடியோ வரும்வரை பொறுப்பது நல்லது. அதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டால் தீரட்டும்.

சிலை எங்கே நிற்கப் போகிறது என்பதையும் யோசியுங்கள். இவற்றில் பல பிவிசி பிளாஸ்டிக். ஈரோடு, கரூர் சித்திரை வெயிலில், அதுவும் சிமெண்ட் அட்டை போட்ட மாடி அறையில் வைத்தால், ஒற்றைக்காலில் நிற்கும் சிலையும் கையில் பிடித்திருக்கும் மெல்லிய வாளும் மெதுவாக வளைந்துவிடும். வளைந்தால் ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே பச்சைத் தண்ணீரில் நனையுங்கள், நின்றுவிடும். ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைத்த பிசின்) சிலை என்றால் இது வேண்டாம். அது வளையாது, விழுந்தால் உடையும்.

ஆர்ட்புக்குக்காக (கேமுக்காக வரைந்த படங்களின் புத்தகம்) மட்டும் வாங்க நினைப்பவர்கள் பெட்டியை விட்டுவிடுங்கள். பெரிய கேம்கள் பலவற்றுக்கு முழு ஆர்ட்புக் தனியாகவே விற்பனைக்கு வருகிறது, பெட்டியில் வருவது பெரும்பாலும் அதன் குட்டிப் பதிப்புதான்.

பின்னால் விலை ஏறும், விற்றுக்கொள்ளலாம் என்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. அப்படி விற்கிற எண்ணம் இருந்தால் பெட்டியின் சீலை (seal) பிரிக்கவே கூடாது. பிரித்துவிட்டால் வெளி அட்டையையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள், சிலையை மட்டும் ஒரம்பரை வீட்டுப் பொடுசுகளுக்கு எட்டாத உயரத்தில்.