ஆடு கொடுக்க முன் கடனைக் கேளுங்கள்: வறுமை ஒழிப்பு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் வாழ்வாதாரத் திட்டங்களுக்கு ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். படித்தவர்கள், ஓடியாடி வேலை செய்பவர்கள். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் விட்ட அதே பிழைகளை இன்றைக்கும் அப்படியே விடுகிறார்கள். பற்றுச்சீட்டைத் தொலைப்பது, கூட்டத்துக்குப் பிந்திப் போவது போன்றவற்றை மேலதிகாரி சொல்லித் திருத்திவிடுவார். ஏழைக் குடும்பத்துக்கு நட்டம் வைக்கும் பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

17 இலக்கையும் ஒரே முன்மொழிவில் எழுதுவது

ஐ.நா. 2015இல் ஏற்றுக்கொண்ட, 2030க்குள் அடைய வேண்டிய நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17. அவற்றின் கீழ் 169 குறிக்கோள்கள். உங்கள் திட்டம் தொடுவது ஒன்றையோ இரண்டையோ. அதை மட்டும் எழுதுங்கள்.

டொலர் கோட்டை ஊருக்குள் கொண்டுவருவது

அதிவறுமைக்கு உலக வங்கி வைத்த கோடு 2022இல் ஒருவருக்கு நாளுக்கு 2.15 டொலர், 2025 ஜூனில் 3 டொலர். நாடுகளை ஒப்பிட அது உதவும். வாகரையில் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று அது சொல்லாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டவாரியாக மாதாமாதம் வறுமைக்கோடு வெளியிடுகிறது. அதை எடுங்கள்.

வெட்டு முடிந்த கையோடு கணக்கெடுப்பது

பெரும்போக வெட்டு முடிந்து பங்குனி, சித்திரையில் போனால் வீட்டில் நெல் மூட்டை இருக்கும், கையில் கூலிக்காசு இருக்கும். அதே வீட்டுக்குக் கார்த்திகை, மார்கழியில் போய்ப் பாருங்கள். வளவில் வெள்ளம் நிற்கும், கூலிவேலை இருக்காது. கடனுக்கு வாங்கிய சாமானை எழுதும் கடைக் கொப்பி நிறைவது அந்த மாதங்களில்தான். ஒரே தடவைதான் கணக்கெடுக்க முடியும் என்றால் மாரியில் எடுங்கள்.

கடனைக் கேட்காமல் ஆட்டைக் கொடுப்பது

இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடிவதில்லை.

பட்டிப்பளைப் பக்கம் ஒரு தாய்க்கு நான்கு ஆடுகள் கொடுத்திருந்தார்கள். கொட்டில் நன்றாக இருந்தது: சீமெந்துத் தூண், தகரக் கூரை, உதவியவர்களின் பெயர்ப்பலகை. உள்ளே விறகு அடுக்கியிருந்தது. "ஆடு எங்க புள்ள?" என்று கேட்டேன். "வித்துப்போட்டனக்கா. ஆட்ட வச்சிக்கொண்டு கிழமைக் காசுக்கு ஒளிச்சிருக்க ஏலாது" என்றார். மூன்று கம்பெனியில் லோன். கிழமைத் தவணை செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று. திட்டக் கோப்பில் அவருடைய பெயருக்கு நேரே 'வெற்றி' என்று எழுதி, ஆடு கொடுத்த அன்று எடுத்த படத்தையும் ஒட்டியிருந்தார்கள்.

குழுக்கடன் எப்படி நடக்கிறது என்று புதியவர்களுக்குத் தெரிவதில்லை. ஒருவருக்கு மற்றவர்கள் பிணை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் தங்கள் கையால் போட வேண்டும். அதனால் காசு சேர்க்க வந்தவரோடு அயல் வீட்டுப் பெண்களும் அந்த முற்றத்தில்தான் இருப்பார்கள். அங்கே ஒரு ஆடு கட்டிநின்றால் எத்தனை கிழமைக்கு நிற்கும்? ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன் எடுப்பதும் இந்த முற்றத்தில்தான் தொடங்குகிறது. 2018இல், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், கட்ட முடியாமல் நிலுவையில் நின்ற பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அதோடு நுண்கடன் வட்டிக்கு வைத்த உச்சவரம்பு வருடத்துக்கு 35 வீதம். அதற்கு முன் என்ன வட்டி கட்டியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

மேலே சொன்ன ஐ.நா. இலக்குகளின் 1.4ஆம் குறிக்கோள், ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டியவற்றில் நுண்நிதியையும் சேர்த்திருக்கிறது. அதைப் பார்த்து எழுதும் திட்ட அறிக்கைகளில் லோன் எடுத்த பெண் 'நிதிச்சேவை பெற்றவர்' ஆகிவிடுகிறார். அந்த லோனுக்காக அவர் ஆட்டை விற்றது எந்த நிரலிலும் ஏறுவதில்லை. இது எனக்கு ஆத்திரம் வரும் விஷயம்.

"கடன் இருக்கா?" என்று நேரே கேட்காதீர்கள். இருக்கிறது என்றால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து இல்லை என்பார்கள். "கிழமையில எந்தெந்த நாள் காசு கட்டுறீங்க?" என்று கேளுங்கள். நகை அடகில் இருக்கிறதா, கடைக் கொப்பியில் எவ்வளவு, உரம் தந்த முதலாளிக்கு வெட்டோடு எத்தனை மூட்டை போகிறது என்று ஒவ்வொன்றாக விசாரியுங்கள். புருஷனுக்குத் தெரியாத லோனும் இருக்கும், ஆகவே தனியாகக் கேளுங்கள். கேட்டதை வெளியில் கதைக்காதீர்கள்.

கடன் இருக்கிறது என்று பெயரை வெட்டவும் கூடாது. பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டத்தில், மாடோ ஆடோ கொடுத்ததோடு, அது பலன் தரும் வரை சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சக் காசு, சேமிப்பு, பயிற்சி, வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு ஆள் என்று ஏறத்தாழ இரண்டு வருடம் கூடவே நின்றார்கள். எதியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய நாடுகளில் இந்த முறையைப் பரிசோதித்த ஆய்வு 2015இல் வந்தது. உதவி நின்று ஒரு வருடத்துக்குப் பிறகும் குடும்பங்களின் நிலை மொத்தத்தில் மேலாகவே இருந்தது. நம் பட்ஜெட்டுகளில் முதலில் வெட்டுப்படுவது அந்தச் சாப்பாட்டுக் காசுதான். அதை வெட்டினால் ஆடும் போகும்.

எல்லோருக்கும் தையல் மெசின்

ஒரே ஒழுங்கையில் பத்து மெசின் இருந்தால் யாருக்கு யார் தைப்பது?

2030 முடியட்டும் என்று இருப்பது

2030க்குப் பிறகு என்ன என்பதை 2027 செப்டெம்பரில் ஐ.நா. உயர்மட்டக் கூட்டத்தில் பேசுவதென்று 2024இலேயே நாடுகள் இணங்கிவிட்டன. வீட்டுக் கடனையும் வறுமைக் கணக்கில் சேருங்கள் என்று கேட்க நம் கையில் ஆதாரம் வேண்டும். உங்கள் படிவத்தில் இப்போதே மூன்று நிரல் போடுங்கள்: எத்தனை இடத்தில் கடன், கிழமைக்கு எவ்வளவு, கொடுத்த பொருள் ஆறு மாதத்துக்குப் பிறகும் வீட்டில் இருக்கிறதா. பிரதேச செயலகத்துக்குப் போகும் பிரதியிலும் அந்த மூன்றும் இருக்கட்டும்.