ஜாவா மரப்பாவை வாங்கும்முன் துணியைத் தூக்கிப் பாருங்கள்

ஜாவாவின் பாவைக்கூத்தில் குச்சியால் ஆட்டும் மரப்பாவைக்கு ‘வாயாங் கோலெக்’ என்று பெயர். பழையது என்று சொல்லி யாராவது அதை நீட்டினால், முகத்தை ரசிக்கும் முன் அதன் கைலியைத் தூக்கி நடுக்குச்சியைப் பாருங்கள். அப்புறம் குச்சியைத் திருகுங்கள். தலை கூடவே திரும்ப வேண்டும்.

பாவையை ஆட்டுவிக்கும் கலைஞரான டாலாங் மணிக்கணக்கில் பிடிப்பது அந்தக் குச்சியைத்தான். கைபட்ட இடம் கருத்து, வழுவழுப்பாகியிருக்கும். மேடையில் பாவையை வாழைத்தண்டில் குத்தி நிறுத்துவார்கள் என்பதால் அடிமுனை கூராக, கொஞ்சம் கறையேறித் தெரியும். சுற்றுலாக் கடைச் சரக்கில் பெரும்பாலும் குச்சி புத்தம்புதிதாக இருக்கும், தலையும் அசையாது.

முகத்தில் பெயின்ட் உதிர்ந்த இடங்களையும் பாருங்கள். அடியில் வேறு நிறம் எட்டிப்பார்த்தால் நல்லதுதான். ஆட்டத்தில் இருந்த பாவைக்கு மறுபடி வண்ணம் பூசுவது வழக்கம். துணி புதிதாக இருக்கிறதே என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், அதையும் மாற்றுவார்கள்.

விலை பேசும்போது இந்தப் பழமை அடையாளங்கள் பாதிக் கணக்குதான். மேற்கு ஜாவாவில் இன்றைய கைதேர்ந்த சிற்பி டாலாங்குக்காகச் செதுக்கிய புதுப்பாவையில் தேய்மானமே இருக்காது, ஆனாலும் நல்ல விலை பெறும். பழைய தலையைப் புது உடலில் செருகி விற்பதும் உண்டு; தலை கழன்று வரும் அமைப்பு என்பதால் அது சுலபம். குச்சி, தலை, தோள் மூன்றிலும் பழமை ஒத்துப்போகாவிட்டால் தலைக்கு மட்டும் விலை கொடுங்கள்.