கடிகாரத்தைப் பார்க்காமல் ஓட்டத்தின் கடுமையை அளப்பது எப்படி?

ஓடத் தொடங்கிய பலரும் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் ஓடுகிறார்கள்: ஓரளவு மூச்சிரைக்கும் வேகத்தில். நிதானமாக ஓட வேண்டிய நாளுக்கு அது அதிகம், கடுமையாக ஓட வேண்டிய நாளுக்கு அது போதாது. இதைச் சரிசெய்ய, ஓடும்போது உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதற்கு நீங்களே மதிப்பெண் போடப் பழகுங்கள்.

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் இதற்காக 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அதன் எண்ணைப் பத்தால் பெருக்கினால் இளவயதினரின் இதயத்துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். ஓட்டத்துக்கு 0 முதல் 10 வரையிலான அளவுகோலே எளிது. நாமும் அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: முதல் 10 நிமிடம் நடையும் மெல்லோட்டமுமாக உடலைச் சூடாக்குங்கள். அதற்குள் மதிப்பெண் போட வேண்டாம்.

படி 2: ஓடியபடியே வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். முழு வாக்கியமும் தடையின்றி வந்தால் 3 அல்லது 4. நடுவே மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தால் 5 அல்லது 6. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராவிட்டால் 7, 8. பேச்சே எழவில்லை என்றால் 9க்கு மேல். மனசுக்குள் பேசிப் பார்ப்பது கணக்கில் வராது. பலர் தங்களை ஏமாற்றிக்கொள்வது இங்கேதான்.

படி 3: இன்றைய எண் என்ன என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். தொடக்கத்தில் பெரும்பாலான நாட்களுக்கு 3 அல்லது 4 போதும். எண் ஏறினால் வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள். நடப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

படி 4: மேட்டிலும் வெயிலிலும் எண்ணை விடாதீர்கள், வேகத்தை விட்டுவிடுங்கள். வெயிலில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. நேற்றைய வேகமே இன்று கடினமாவது இதனால்தான். தூக்கம் கெட்ட மறுநாளும் அப்படித்தான். (இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குத் துடிப்பு எண்ணை விட இந்த மதிப்பெண்ணே நம்பகமானது.)

நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் மதிப்பெண் எதுவானாலும் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

படி 5: ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்து, மொத்த ஓட்டத்துக்கும் ஒரே எண் கொடுத்து, ஓடிய நிமிடங்களால் பெருக்கிக் குறித்துவையுங்கள். 40 நிமிடம், எண் 4 என்றால் 160. 25 நிமிடம், எண் 8 என்றால் 200. குறைந்த நேரம் ஓடியும் உடலுக்குச் சுமை கூடியிருக்கிறது, பாருங்கள். அதே பாதை, அதே வேகம், எண் மட்டும் வாரக்கணக்கில் இறங்கிவந்தால் உடல் தேறுகிறது. காரணமின்றி நாளுக்கு நாள் ஏறினால் ஓரிரு நாள் ஓய்வெடுங்கள்.